எஸ்தாக்கி மாமா கொடுத்த கணியங்கள்

எஸ்தாக்கி மாமா முதல் தடவையாக எங்கள் கோயில் சுவருக்குள்ளே நடந்து போனது குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின புதன்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும், வெயில் நன்றாக ஏறியிருந்தது, வலை உலர்த்திக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் யாரும் குடித்திருக்கவில்லை. தோளில் துண்டும் கையில் காலி மண்ணெண்ணெய்க் கேனுமாக வந்தவர், வெறும் மணலில் போகிறவர்போல நேரே மேற்குச் சுவருக்குள் நுழைந்து கிழக்குச் சுவர் வழியாக வெளியே வந்தார். வந்தபோது அவர் வேட்டி முழங்கால்வரை நனைந்து உப்புநீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோயில் சாவியை வைத்திருக்கிற கோயில்பிள்ளை மரியசவரி மட்டும் ஓடிப்போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். சுவர் சுவராகத்தான் இருந்தது, கொஞ்சம் குளிர்ந்திருந்தது.

"வெள்ளையடிச்சு ஒரு மாசம் ஆவல்ல, அதுக்குள்ள ஈரமாக்கிட்டாரே" என்றுதான் அவர் முதலில் சொன்னார்.

கடலுக்கு அடியில் பாறை கிடக்கிற இடத்தை நாங்கள் பார் என்போம். மீன் மேய்வது அங்கேதான், ஆனால் மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். ஒரு பாரைக் கண்டவன் அதற்கு நேர்மேலே வள்ளத்தை நிறுத்திக் கரையைப் பார்ப்பான். கோயிலுக்குப் பின்னால் மலையின் எந்த முனை வருகிறது, லைட் ஹவுசுக்குப் பின்னால் எந்தப் பனை நிற்கிறது என்று, முன்னால் ஒரு பொருளும் பின்னால் ஒரு பொருளுமாக வரிசைப்படுத்தி மனசில் வைத்துக்கொள்வான். அதுதான் கணியம். எங்கள் கரையில் மனைவியின் வளையலைக்கூட இரவல் கொடுப்பார்கள், கணியத்தைக் கொடுக்க மாட்டார்கள். மகனுக்கு மட்டும் சொல்வார்கள், அதுவும் கடலில் வைத்து, காதோடு. பக்கத்தில் வேறு வள்ளம் வருவது தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, மீனே இல்லாத ஓரிடத்தில் போய், ஏதோ பிடிப்பதுபோல அரைநாள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள்.

எஸ்தாக்கி மாமா மட்டும் யார் கேட்டாலும் சொல்வார். ஐம்பத்தெட்டு வருஷம் கடலில் கிடந்து, நாற்பத்தொரு கணியம் தாமாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். அதைப் பீடி கேட்டவனுக்குப் பீடி நீட்டுவதுபோல நீட்டினார். "கடல்ல கெடக்குத பாறைக்கு நான் என்ன பூட்டா போட முடியும்?" என்பார்.

என் கணவர் அருளப்பன் ஐஸ் லாரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்த வருஷம் எனக்கு நாற்பத்து மூன்று வயது. வள்ளம் மணலில் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. எங்கள் கரையில் பெண்கள் மீன் விற்போம், கருவாடு போடுவோம், கடலுக்குள் போவதில்லை. நான் போகிறேன் என்றதும் என் தம்பி கிளீட்டஸே என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. எஸ்தாக்கி மாமா வந்து வள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு விடியக்காலம் வாறேன், சோத்துல தண்ணி ஊத்தி எடுத்துக்க" என்று மட்டும் சொன்னார். மூன்று மாதம் என்னோடு வந்தார்.

நான் எதற்கும் பதறுகிறவள். அடுப்பில் பால் வைத்தால் பொங்கிவிடுமே என்று பயம், பொங்காவிட்டால் திரிந்துவிட்டதோ என்று பயம். கடலில் கேட்கவேண்டுமா?

"மாமா, மேகம் கறுக்குது."

"கறுக்கட்டும் பிள்ளே. மேகத்துக்கு வேற என்ன சோலி?"

"எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி கேக்குது மாமா."

"அது உன் நெஞ்சு அடிக்கிற சத்தம். எஞ்சின் நல்லாத்தான் கெடக்கு."

தங்கூசி நூலை விரலில் சுற்றிக்கொண்டு ஈயக்கட்டியைக் கீழே விட்டால், அது சேற்றில் விழுந்ததா கல்லில் விழுந்ததா என்று விரலுக்குத் தெரியவேண்டும். அதற்கே எனக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் ஒரு தடவைகூட அவர் நூலை என் கையிலிருந்து வாங்கவில்லை. என் பதற்றத்தையும் அவர் குறையாகப் பார்க்கவில்லை. "பதறுதவளுக்குத்தான் பிள்ளே நூலு அசையுதது மொதல்ல தெரியும்" என்றார். ஒன்பது கணியம் தந்தார். நான் ஆறாம் கிளாஸ் எழுத்தில் என் மகளுடைய பழைய நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்த ஒன்பதில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கோயில் அவருடைய ஏழு கணியங்களில் முன்பொருளாக இருந்தது. ஆறை முன்பே கொடுத்துவிட்டார். ஏழாவதைச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் தம்பி கிளீட்டஸுக்குச் சொன்னார். புதன்கிழமை காலையில் அவருக்குக் கோயில் இல்லை.

இதை ஊர் புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனது. கோயிலுக்கு முன்பே சின்னச் சின்னதாகப் பலது போயிருந்தது, அவர் சொல்லவில்லை. ஒற்றைப்பனை போயிருந்தது, கிழக்கே ஐஸ் பிளாண்ட் போயிருந்தது. ஒரு பொருளை வைத்துக் கண்ட கணியங்களில் கடைசியையும் கொடுத்துவிட்டால் அந்தப் பொருள் அவருக்கு இல்லை. அது நின்ற இடத்தில் அவருக்குக் கடல் தெரியும். தெரிவது மட்டுமல்ல, அங்கே போனால் நனைவார். ஆனால் அவரிடம் வாங்கிய கணியத்தை கிளீட்டஸ் வேறு நான்கு பேருக்குச் சொன்னான், எல்லாரும் ஜி.பி.எஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அப்புறம் செலஸ்டின் கதை நடந்தது. எங்கள் கரையிலேயே கணியத்தை இறுக்கிப் பிடிக்கிற ஆள் அவன். ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு, தானே கண்டுபிடித்த ஒன்றை வாய்தவறிச் சொல்லிவிட்டான், மறுநாள் அதன் முன்பொருளான தென்னையில் சாய்ந்து பீடி பற்றவைக்கப் போய் மல்லாந்து விழுந்து நடுமுதுகுவரை நனைந்தான். அதோடு விஷயம் எல்லாருக்கும் விளங்கியது. வாங்கினதைச் சொன்னால் ஒன்றும் இல்லை, சொந்தமாகக் கண்டதை மகனுக்கு அல்லாமல் வெளியாளுக்குச் சொன்னால்தான் போகும்.

விளங்கின பிறகு யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை, அவரவர் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கோயில் சாவி உள்ளேயே மாட்டிக்கொண்டால் மரியசவரி, எஸ்தாக்கி மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். பங்குச்சாமியார், அவர் எந்த வழியாக வந்தாலும் பூசைக்கு வந்தால் சரி என்றார், ஆனால் தரையைத் துடைக்கக் கோயில் வாசலில் ஒரு சாக்கு போடச் சொன்னார். மாமா பூசை முடியும்வரை கண்ணை மூடாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கோயில் இல்லை, ஆனால் பெஞ்சும் பீடமும் நாங்களும் இருந்தோம், ஏனென்றால் எங்களை யாரும் கடலில் நின்று பார்த்து வரிசை வைக்கவில்லை.

"நெஞ்சளவு தண்ணியில எல்லாரும் வரிசையா உக்காந்திருக்கிய" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். "வாய்க்குள்ள தண்ணி போவுது, வருது. நீங்க நல்லா பாடுதிய."

எனக்கு அன்றிலிருந்து பாடும்போது தொண்டையில் உப்புக் கரித்தது. பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன், அவளுக்கும் கரித்ததாம், மூன்று வாரமாக. சளி என்று நினைத்து மிளகு ரசம் குடித்துக்கொண்டிருந்தாளாம்.

ஆண்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் அவரைச் சுற்றி நின்றுகொண்டு, "பாட்டா, இன்னைக்கு உள்ள என்ன ஓடிச்சு?" என்பார்கள். "சாமியார் தலைக்கு மேல சாளை போச்சு" என்றால் மறுநாள் சாளை கிடைத்தது. "பாட்டுக்காரிய பக்கம் கணவா நின்னுச்சு" என்றால் கணவாய். பிரசங்கம் நீளுகிற நாட்களில் பெரிய மீனாக வந்தது என்று அவர் சொன்னதால், பிரசங்கத்தின்போது பீடி குடிக்க வெளியே போகிற பழக்கம் எங்கள் கரையில் அந்த ஒரு வருஷம் இல்லாமல் இருந்தது.

அவரோ கொடுத்துக்கொண்டே இருந்தார். லைட் ஹவுஸ் போனது. இரட்டை மலை ஒருநாள் முழுதாகப் போனது. வடக்கே திரும்பி உட்கார்ந்தால் அலை எழுவது தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றார். கல்லறைத் தோட்டத்துப் பெரிய குருசை வைத்துக் கண்ட கணியத்தை, எல்லாரையும் விட்டுவிட்டு செலஸ்டினுக்குக் கொடுத்தபோது நான் சண்டைக்கே போனேன். அந்தக் குருசின் அடியில்தான் அவர் மனைவி விக்டோரியா அத்தை இருக்கிறாள்.

"அவன் உங்கள 'தண்ணி பாட்டா'ன்னு கேலி பேசுதவன். அவனுக்குப் போய் குடுத்தியளே!"

"கேட்டான், சொன்னேன்."

"அத்தைய இனி எப்படிப் பாப்பிய?"

மாமா என்னை வேடிக்கையாகப் பார்த்தார். "மண்ணு மூடிக் கெடந்தப்போதான் பிள்ளே தெரியல்ல. இப்போ தண்ணிக்கு அடியில அவ மொகம் நல்லா தெரியுது. முடி மட்டும் அசையுது."

நான் வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுதும் எதையும் தின்னவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாமா கல்லறைக்குப் போகிற நாட்களில் நானும் அவரோடு போய்க் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவர் குனிந்து பேசுவார். எனக்குப் புல்தான் தெரியும்.

நான் மனசில் கூட்டிக்கொண்டே வந்தேன். நாற்பது போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒன்று. அது பார் இல்லை, வழி. எங்கள் பொழிமுகத்தில், ஆறு கடலில் விழுகிற இடத்தில், மணல் திட்டு மாறிக்கொண்டே இருக்கும். ஆடிக் காற்றில் அலை மூன்று பக்கமும் உடையும்போது உள்ளே நுழைய, மாறாமல் கிடக்கிற ஒரு சின்னப் பாதைதான் உண்டு. அதற்கு முன்பொருள் மாமாவின் வீட்டு மஞ்சள் முகடு, பின்பொருள் வாட்டர் டேங்க்; இவ்வளவு ஊருக்கே தெரியும், ஆனால் டேங்கின் எந்தப் பகுதி முகட்டில் எங்கே வரவேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை அவர் யாருக்கும் சொல்லவேண்டி வந்ததில்லை, காற்று நாட்களில் அவரே முன்னால் வருவார், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. முழங்கால் மடங்கவில்லை.

அந்த ஆடியில் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கீழே இறங்கியது. அன்று எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. வெளியே பதினொரு வள்ளம், அதில் ஒன்றில் கிளீட்டஸ். கரையில் எல்லாரும் நின்று அலையைப் பார்த்தோம். ஒரு வள்ளம் நுழையப் பார்த்து, குறுக்கே திரும்பி, எப்படியோ மறுபடியும் வெளியே போனது. கிளீட்டஸ் போனில், "எக்கா, எங்க பாத்தாலும் வெள்ளையா ஒடையுது எக்கா" என்றான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது பேசின குரல் அது.

என்னைத் தவிர யாரும் மாமாவின் வீட்டுக்குப் போகவில்லை என்பதை நான் சொல்லியாகவேண்டும். எல்லாருக்கும் அந்த வீடு ஞாபகம் வந்தது, எல்லாரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்தான் ஓடினேன். நான்தான் கேட்டேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் கையில் போனைப் பார்த்ததும் எழுந்து, நிலைக்கதவைத் தொட்டார், சுவரில் உள்ளங்கையை வைத்தார், மாட்டின் கழுத்தைத் தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டினார். முகட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"மாமா, வேண்டாம்னா..." என்று சொன்னேன். சொன்னேனே தவிர, போனை அவர் வாயருகே பிடித்த கையை நான் எடுக்கவில்லை.

"ச்சே, கைய ஆட்டாத பிள்ளே" என்றார். "கிளீட்டஸே, கேளு மக்கா. மழையில என் வீட்டு மஞ்ச முகடு தெரியுதா? அதுக்குப் பொறத்தால டேங்கு. டேங்கோட வலது தூணு முகட்டு நடுவுல வரணும். வந்தா எஞ்சினக் குறைக்காம நேரா ஏறி வா. மத்தவனுவளுக்கும் சொல்லு. பயப்படாத, ஒன் அக்காதான் பயந்தவ."

அவர் பேசி முடிக்கும்போது அவர்மேல் மழை பெய்தது. நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன், என் சேலையில் ஒரு துளி இல்லை. கூரை இருந்தது, ஓடு ஒன்றும் விலகவில்லை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கிழவரின் தலையில், தோளில், கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தில் மட்டும் மழை கொட்டியது.

பதினொரு வள்ளமும் உள்ளே வந்தன. வந்தவர்கள் வள்ளத்தைக் கட்டிவிட்டு, நனைந்த உடுப்போடேயே ஓலையும் மூங்கிலும் கயிறும் எடுத்துக்கொண்டு மாமாவின் வீட்டுக்குப் போனார்கள். புதிதாகப் போடுகிற கொட்டகையை யாரும் கடலிலிருந்து பார்த்ததில்லை, அதனால் அது அவரை நனையாமல் காக்கும் என்று கணக்குப் போட்டது செலஸ்டின்தான். முதல் கட்டு ஓலை கொண்டுவந்ததும் அவன்தான். வீட்டுக்குள்ளேயே, கட்டிலுக்கு மேலே ஓலைக் கொட்டகை போட்டார்கள். மாமாவின்மேல் மழை நின்றது.

"எப்படி இருக்கு பாட்டா?" என்று கிளீட்டஸ் கேட்டான்.

"நாலு பக்கமும் கடலு" என்றார். "சுவரு இல்லாத வீடு இப்போத்தான் கெடச்சிருக்கு. நீங்க எல்லாம் கும்பலா தண்ணிக்குள்ள நிக்குதிய, போய் தலையத் துவட்டுங்க."

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் விடியும்போது அவர் கடற்கரைக்கு வந்து, ஒரு நீல நிற மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டியிருப்பார். பத்து மணிவரை அசைய மாட்டார்.

நான் சொந்தமாக ஒரு பாரைக் கண்டது அந்த வருஷக் கடைசியில். எஞ்சின் நின்று, வள்ளம் தானாக நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தபோது, பயத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நூலை இறக்கினேன். ஈயம் கல்லில் தட்டியது. விரல் பொய் சொல்லவில்லை. இரண்டு கலவா மீன், ஒரு பெரிய விளமீன். அழுதுவிட்டேன். பிறகு கரையைப் பார்த்தேன், முன்பொருள் தேடினேன். அந்த நேரத்தில், அந்த இடத்திலிருந்து, கரையில் துல்லியமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நீலப் பெட்டியில் வெள்ளைத் துண்டு. அதற்கு நேர் பின்னால் செலஸ்டினின் தென்னை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் வாங்கின ஒன்பதும் எல்லார் ஜி.பி.எஸ்ஸிலும் இருந்தது, அங்கெல்லாம் இப்போது வள்ளத்தோடு வள்ளம் உரசியது. என் ஒன்று மட்டும் என்னுடையதாக இருந்தது. இரண்டு வருஷம் பக்கத்தில் வள்ளம் வந்தால் நூலைச் சுருட்டிவிட்டு வேறிடத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். மாமாவுக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோவேன், அதில் அந்தப் பாரின் மீன் இருக்கும். தின்றுவிட்டு என்னைப் பார்ப்பார், கேட்க மாட்டார்.

போன தை மாதத்தில் மெற்றில்டா கடலுக்கு வந்தாள். முப்பத்தெட்டு வயது, புருஷன் வேறு கரையில் வேறு குடும்பமாகிவிட்டான், இரண்டு பெண் பிள்ளைகள். நூல் பிடிக்க நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஒன்பதையும் சொன்னேன்; அங்கே அவள் வள்ளத்தை நுழையவிடாமல் ஆண்கள் நெருக்கினார்கள். பதினாறு நாள் வெறும் வள்ளத்தோடு வந்தாள். பதினாறாவது நாள், "எக்கா, ஒரே ஒரு எடம்" என்றாள்.

நான் ஐந்து நாள் தூங்கவில்லை. ஆறாம் நாள் காலையில் கஞ்சியோடு மாமாவிடம் போனேன்.

"மாமா, சொன்னதுக்குப் பொறவு, அந்த எடத்துல தண்ணியப் பாக்கும்போ பயமா இருக்குமா?"

"மொதல்ல இருக்கும்."

"பொறவு?"

"பொறவும் இருக்கும். ஆனா அது நமக்குப் பழக்கமுள்ள தண்ணிதானே." கஞ்சியைக் குடித்து முடித்தார். கடலைப் பார்த்தார், திரும்பித் தென்னையைப் பார்த்தார், தாம் உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வருஷம் கணியம் பார்த்த கண்ணுக்கு அவ்வளவு போதும்.

"சரி பிள்ளே" என்றார். "பெட்டிய நான் நகத்தல்ல."

கொஞ்சம் கழித்து, "மெற்றில்டாட்ட சொல்லு, கலவா கடிச்சா ஒடனே இழுக்கப்படாதுன்னு" என்றார். அவர் என்னிடம் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு அது.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் மெற்றில்டாவின் வள்ளத்தில் அவளோடு போனேன். அந்த இடத்தில் நின்று, கையை நீட்டி, முன்னால் இது, பின்னால் இது என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைத் துண்டு நனைந்ததுபோல நிறம் மங்கியது. அப்புறம் பெட்டிக்கு மேலே, ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்குக் கரை இல்லை, கடல் இருந்தது. ஒரு சின்ன அலை அதில் எழுந்து, சத்தமில்லாமல் உடைந்தது.

மெற்றில்டாவின் நூல் இழுபட்டது. "எக்கா, எக்கா!" என்று கத்தினாள். "ஒடனே இழுக்காத" என்றேன்.

மீனை வள்ளத்தில் போட்டுவிட்டு அவள் கரையைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா கை காட்டுதாரு எக்கா."

நானும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

கஞ்சி இன்றும் நான்தான் கொண்டுபோகிறேன். பெட்டி எனக்குத் தெரிகிறது, அதன் மேலே இருக்கிற காற்றில் கை பட்டால் விரல் நனைகிறது. கிண்ணத்தைப் பக்கத்தில் மணலில் வைத்துவிட்டு வருவேன், மத்தியானம் போனால் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். அவருக்கு இப்போது எண்பது. இருமுகிறாரா, மெலிந்துவிட்டாரா, என்னை ஏதாவது கேட்டாரா, எனக்குத் தெரிய வழியில்லை. நான் பதறுகிறவள். கடலுக்குள் போனதும் தினமும் மெற்றில்டாவைக் கேட்பேன்.

"இருக்காரா?"

"இருக்காரு எக்கா."

அவள் சில நாள் உடனே சொல்கிறாள், சில நாள் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறாள். அவள் சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. நூலை இறக்கிவிட்டு, ஈயம் கல்லில் தட்டுகிறதா என்று விரலைக் கவனித்துக்கொண்டிருப்பேன். தட்டும்.